சாப்பாட்டு வரிசையில் நின்றவர்கள்

நேற்று மார்ச் 19. கப்பல் வேலைக்குப் போகிற பையன்களுக்குத் தீயணைப்புப் பயிற்சி கொடுக்கிறேன், ஈசிஆரில். அதற்கு முன் 22 வருஷம் கப்பல் இன்ஜின் அறை. ஒவ்வொரு மார்ச் 19 அன்றும் பாடத்துக்கு முன்னால் யூஎஸ்எஸ் பிராங்க்ளின் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றிச் சொல்வேன்.

1945, இரண்டாம் உலகப்போர். ஜப்பான் கரையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். இரவெல்லாம் அபாய அறிவிப்பு மாற்றி மாற்றி வந்து யாருக்கும் தூக்கமில்லை. காலை ஏழு மணி தாண்டிச் சில நிமிடம். விமானந்தாங்கியின் மேல்தளத்தில் பெட்ரோலும் குண்டும் ராக்கெட்டும் ஏற்றிய விமானங்கள் கிளம்ப நிற்கின்றன. கீழே விமானங்களை நிறுத்தி வைக்கிற ஹேங்கர் தளத்தில் காலைச் சாப்பாட்டுக்கு நீண்ட வரிசை. மேகத்துக்குள்ளிருந்து ஒரே ஒரு ஜப்பானிய விமானம் வந்து இரண்டு குண்டு போட்டது. மிச்சத்தைக் கப்பலில் இருந்த பெட்ரோலும் வெடிமருந்துமே செய்துவிட்டன. 800 பேர் அளவில் செத்துப்போனார்கள். காயம்பட்டவர்கள் 400க்கும் மேல். பக்கத்தில் ஒட்டி வந்து நின்ற சான்டா ஃபே கப்பல்தான் அவர்களை ஏற்றிக்கொண்டது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் கேப்டனைச் சொல்வார்கள், கப்பலின் பாதிரியார் ஓகாலகனைச் சொல்வார்கள். சரி, சொல்ல வேண்டியவர்கள்தான். என் மனதில் நிற்பது மரைன்கள், அதாவது அமெரிக்க மரைன் படைக்காரர்கள். தற்கொலை விமானங்களைத் தடுக்கப் போர்விமானம் போதவில்லை என்று 214, 452 என்ற இரண்டு மரைன் விமானப் பிரிவுகளைக் கோர்சேர் விமானங்களோடு ஏற்றியிருந்தார்கள். கப்பலுக்கு வந்து சில வாரம்தான். கப்பலிலிருந்து அவர்கள் சண்டை தொடங்கி அது இரண்டாவது நாள். விமானிகள் மட்டுமா, மெக்கானிக்குகள், குண்டு மாட்டுகிறவர்கள், எல்லாரும் இருந்தார்கள். அந்த வரிசையில் தட்டோடு நின்றவர்களில் அவர்களும் உண்டு.

எந்த ஏணி எங்கே போகும் என்று கால் பழகவே நாளாகும். நான் நான்கு மாதம் தினமும் ஏறி இறங்கிய, எண்ணெய் சுத்திகரிக்கிற பியூரிஃபையர் அறையில் ஒருநாள் புகை சூழ்ந்தது. ஏணி இடது பக்கமா வலது பக்கமா என்று தெரியவில்லை. கை துடைக்க ஏணிக் கம்பியில் ஒரு பழைய துணி கட்டி வைத்திருப்போம். அது முகத்தில் பட்டது. அதனால்தான் வெளியே வந்தேன். அந்த டீசல் நாற்றம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. பிராங்க்ளின் புகையில் நின்ற மரைனுக்கு எந்தத் துணி?

டொனால்ட் கேரியையும் சொல்லாமல் விடமாட்டேன், பிராங்க்ளினில் இருந்த அவரும் எங்களைப் போல இன்ஜின் அறை ஆள். இருட்டான சாப்பாட்டு அறையில் சுமார் 300 பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் தனியாகப் போய் வழி கண்டுபிடித்தார். அப்படியே மேலே போயிருக்கலாம். திரும்பி வந்து ஒரு கூட்டத்தைக் கூட்டிப் போனார். மறுபடியும் வந்தார். அப்புறம் மறுபடியும்.

கப்பல் மூழ்கவில்லை, நியூயார்க் வரை போய்ச் சேர்ந்தது. இறந்தவர்கள் பலருக்குக் கடல்தான் கல்லறை.

நேற்று இதையெல்லாம் சொல்லி முடித்ததும் காசிமேட்டுப் பையன் ஒருவன், "சார், அந்த மரைன்கள் பேரெல்லாம் எழுதி வெச்சிருக்காங்களா?" என்று கேட்டான். "இருக்குப்பா, ஒவ்வொரு பேரும்" என்றேன். அவன் தலையாட்டிவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான்.

பிறகு பயிற்சிக்காகப் புகை நிரப்பிய அறை. சுவரைப் புறங்கையால்தான் தடவ வேண்டும் என்று மறுபடி சொன்னேன். கரன்ட் ஒயரில் உள்ளங்கை பட்டால் விரல் மடங்கி அதையே பிடித்துக்கொள்ளும். முன்னால் இருப்பவன் தோளில் ஒரு கை வைத்துப் பன்னிரண்டு பேர் உள்ளே போனார்கள். நான் மறுபக்க வாசலில் நின்று எண்ணினேன். பன்னிரண்டாவது ஆள் வந்தபிறகுதான் கதவைச் சாத்தினேன்.