அப்பத்தை நிறுத்தச் சொன்ன அக்கா

"வாற ஞாயிறு அண்ணன் திருவிருந்துக்கு வந்து முழங்கால் போடும்போ அவனுக்கு மட்டும் அப்பம் கொடுக்காதீங்க ஐயரே, ஒரே வாரத்துல வழிய விடுவான் பாருங்க." அந்த அக்கா இப்படிச் சொன்னதும், திருவிருந்தில் அப்பமும் ரசமும் கொடுக்கிற சபைப் போதகரான நான் யோசிக்கவே இல்லை. "அது முடியாது, குழித்துறையில கோர்ட்டு இருக்கு, அங்க போங்க" என்று சொல்லிவிட்டேன்.

விஷயம் நம்ம பக்கத்துச் சபைகளில் வழக்கமாக வருவதுதான். ரப்பர் தோட்டத்தைப் பாகம் பிரித்ததில் பின்னால் கிடக்கும் வீட்டுக்கு வழி இல்லை, முன்னால் இருக்கும் அண்ணன் கம்பிவேலி போட்டுவிட்டார். போய்ப் பார்த்தேன். அக்கா ரப்பர் ஷீட்டுக் கட்டைத் தலையில் வைத்து, வழுக்குகிற ஓடைக்கரையில் சுற்றித்தான் ரோட்டுக்கு வருகிறார். நியாயம் யார் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனாலும் நான் சொன்னது சரிதான். ஆஸ்தியைப் பிரித்துத் தரச் சொன்னவனிடம் 'என்னை உங்களுக்கு நியாயாதிபதியாக வைத்தவன் யார்' என்றுதானே இயேசுவே கேட்டார் (லூக்கா 12). நம்ம பக்கத்திலேயே 1818-ல் லண்டன் மிஷன் மிஷனெரி மீட் ஐயர் நாகர்கோவிலில் நீதிபதியாகவும் உட்கார்ந்தார், அது நீடிக்கவில்லை. அப்பத்தை வைத்து வேலியைப் பிடுங்க ஆரம்பித்தால் நாளைக்கு அதை வைத்து ஓட்டும் கேட்கலாம், சபைத் தேர்தல் சமயத்தில் இங்கே இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அக்கா போகும்போது வாசலில் நின்று கேட்டதுதான் இன்னும் போகவில்லை. "எம் மவளுக்குக் கல்யாணக் கடிதம் கேட்டு வந்தப்போ சந்தா பாக்கிய அடைச்சிட்டு வான்னு சொன்னியல்லா, அதுக்கு அதிகாரம் உண்டு, இதுக்கு இல்லியா?"

சபைக்குக் கட்ட வேண்டிய சந்தா பாக்கி இருந்தால் கல்யாணத்துக்குச் சபைக் கடிதம் இல்லை என்பது கமிட்டி முடிவு, நான் தலைவர் என்கிற முறையில் கையெழுத்துப் போடுகிறவன், அவ்வளவுதான். இதை அப்போதே சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார்.

அப்புறம் அப்போஸ்தலன் பவுல் இருக்கிறார். சகோதரன் சகோதரன்மேல் வழக்குக்குப் போவதா, உங்களில் தீர்த்துவைக்க ஒரு விவேகி இல்லையா என்று கொரிந்து சபையாரைத் திட்டுகிறார், நானோ கோர்ட்டுக்கு வழி காட்டியிருக்கிறேன். 1662-ஆம் வருஷத்து ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஜெப புத்தகத்தில், பகையோடு இருப்பவர்களை ஒப்புரவாகும்வரை திருவிருந்துக்குச் சேர்க்கக்கூடாது, ஒருவரை நிறுத்தினால் 14 நாளுக்குள் மேலே எழுத வேண்டும் என்று இருக்கிறது. நாங்கள் லண்டன் மிஷன் வழி வந்தவர்கள், அது எங்களுக்குச் சட்டமில்லை. ஆனால் அந்த 14 நாள் எனக்குப் பிடித்திருக்கிறது, அதிகாரத்தைக் கொடுத்த கையோடு கணக்கும் கேட்கிறார்கள் பாருங்கள்.

அண்ணனிடம் தனியாகப் பேசிப் பார்த்தேன். சாயா கொடுத்து, "நீங்க ஜெபம் பண்ணுங்க ஐயரே, அளவ நான் பாத்துக்கிடுகேன்" என்றார். நான் அக்காவிடம் சொன்னதையே அவர் எனக்குச் சொன்னார், அவர் வாயில் அது அசிங்கமாக இருந்தது. அவர் கமிட்டி மெம்பர், சபையார் எல்லாருக்கும் சாப்பாடு போடும் அசன விருந்துக்கு அரிசி முழுவதும் அவர் கணக்கு. அதனால்தான் ஐயர் ஒதுங்கினார் என்று சபையில் பேச்சு. அப்படி இல்லை. கமிட்டியில் இல்லாத ஒரு கூலிக்காரர் வேலி போட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன் என்றுதான் நம்புகிறேன்.

அக்கா கேஸ் போட்டுவிட்டார். கடிதத்துக்கும் சந்தாவுக்கும் உள்ள முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்று அடுத்த கமிட்டியில் வைக்கப் போகிறேன். அதை எதிர்க்கப் போகிற முதல் ஆள் அண்ணன்காரராகத்தான் இருப்பார்.