புளியரைச் சாரலும் ரப்பர் பால் மைக்கும்

ஜூன் பிறந்துவிட்டால், செங்கோட்டைக்கு மேற்கே கேரள எல்லையை ஒட்டிய எங்கள் புளியரையில் சாரலுக்குக் குறைவில்லை. ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று தள்ளிக்கொண்டு வரும், அதோடு பொடிப்பொடியாகத் தூறலும் வரும். இதை ஒரு தடவையாவது ஒழுங்காகப் பதிவு செய்ய வேண்டும் என்று மூன்று வருடமாக ஆசை. மூன்று வருடமும் கிடைத்தது வடைச்சட்டிதான். கண்ணை மூடிக் கேட்டால் எண்ணெய் பொரிகிற சத்தம், நடுநடுவே காற்று மைக்கில் மோதுகிற 'டப டப'.

காற்றுக்கு ஒரு வழி கண்டேன். இரண்டு டீ வடிகட்டியைக் கிண்ணம் கிண்ணமாகச் சேர்த்துக் கட்டி, உள்ளே மைக், மேலே மகளின் பழைய கரடி பொம்மையின் ரோமத் துணி. பஞ்சு உறையை விட இது பல மடங்கு மேல், ஏனென்றால் ரோமத்துக்கும் மைக்குக்கும் நடுவில் அசையாத காற்று கொஞ்சம் நிற்கிறது. டப டப போய்விட்டது. வடைச்சட்டி போகவில்லை. தகரத்தில் விழுந்தால் தகரச் சத்தம், வாழையிலையில் விழுந்தால் இலைச் சத்தம். சரி, தண்ணீரில் விழுந்தால்? அதையும் மேலிருந்து கேட்காமல் உள்ளேயிருந்து கேட்டால்?

ஜூன் 11. பஸ்ஸருக்குப் போடுகிற 27 மில்லிமீட்டர் பித்தளை பீசோ தட்டு வாங்கிவந்தேன். அதிர்வை மின்சாரமாக மாற்றும், அதனால் மைக்காகவும் ஆகும். ஒயர் பற்றவைக்கும்போது சாலிடரிங் அயர்னைக் கொஞ்சம் அதிக நேரம் வைத்துவிட்டால் மேலே இருக்கிற வெள்ளிப் பூச்சு கையோடு வந்துவிடும். எனக்கு இரண்டு தட்டு போனது. மூன்றாவதைப் பசைத் துப்பாக்கியால் மூடித் தொட்டியில் இறக்கினேன். அரைமணி நேரத்தில் தண்ணீர் உள்ளே புகுந்து 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல் மட்டும் பாக்கி.

ஜூன் 15. ரப்பர் வெட்டுகிற அண்ணாச்சி ஒருவர் கோட்டவாசல் பக்கமிருந்து வருவார். மழைக்காலத்தில் மரத்துக்குப் பிளாஸ்டிக் தாளைப் பாவாடை மாதிரி கட்டிவிட்டுத்தான் பால் வெட்டு. அவரிடம் ஒரு சிரட்டை பால் கேட்டேன், உறையாமல் இருக்க அமோனியா சேர்த்தது. எதற்கு என்றார். சொன்னேன். "நீ என்ன பெரிய ரசூல் பூக்குட்டியால?" என்று சிரித்தார். பூக்குட்டி சினிமா ஒலிக்கலைஞர், மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் அஞ்சல் என்ற ஊர்ப் பக்கத்துக்காரர். 2009-ல் ஆஸ்கர் வாங்கியதிலிருந்து இங்கே கையில் மைக்கோடு அலைகிற எவனுக்கும் இந்தக் கேலி உண்டு.

இந்த முறை கரண்ட் இரைச்சலைத் தடுக்கத் தட்டைச் சுற்றி அலுமினியத் தாள், அதை எர்த்தோடு சேர்த்து, அப்புறம் ரப்பர் பாலில் முக்கித் தொங்கவிட்டேன். காய்ந்ததும் மறுபடி முக்கல், மொத்தம் ஐந்து பூச்சு. சாரல் காலத்தில் எதுவும் சீக்கிரம் காயாது. ஐந்து பூச்சுக்கு ஆறு நாள். நாற்றத்துக்கு வீட்டில் வாங்கிய ஏச்சு தனிக் கணக்கு. ஆனால் ரப்பர் தண்ணீரை அடைத்ததோடு இன்னொரு நன்மையும் செய்தது. இந்தத் தட்டு 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் தானாகக் கத்தும், பஸ்ஸர் ஆயிற்றே. மேலே பூசிய ரப்பர் அந்தக் கத்தலை அமுக்கிவிட்டது.

என் ரெக்கார்டரின் மைக் துளைக்கு மின்தடை 2 கிலோ ஓம். பீசோவோ சுமார் 20 நானோஃபாரட் கெப்பாசிட்டர் மாதிரி. இரண்டையும் நேராகச் சேர்த்தால் 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துபோகும். அதனால் நடுவில் ஒரு ஜெஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்), 1 மெகா ஓம் மின்தடை, 9 வோல்ட் பேட்டரி. இப்போது அடிச்சத்தமும் வந்தது.

ஜூன் 22. சோதனைக்கு, துணி துவைத்த வாளியில் மைக்கைப் போட்டு மேலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். ஒன்றுமில்லை. 'பொத்' என்று ஒரு மந்தச் சத்தம், அவ்வளவுதான். ரப்பருக்குள் ஒயர் அறுந்துவிட்டது என்று நினைத்துக் கத்தியை எடுத்தேன். அறுக்கும் முன்னால் எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்துத் தொட்டியில் போட்டால் 'டிங் டிங்' என்று மணி மாதிரி. அதே மைக், அதே சொட்டு. வாளியில் இருந்தது சோப்புத் தண்ணீர்.

நீரில் துளி விழும்போது நாம் கேட்கிற 'ப்ளிங்', துளி மோதுகிற சத்தம் இல்லை. துளி ஒரு குழி பறிக்கிறது, அந்தக் குழி மூடும்போது அடியில் ஒரு சின்னக் காற்றுக் குமிழி சிக்கிக்கொள்கிறது, அது அதிர்கிறது. சோப்பு போட்டால் நீரின் பரப்பு இழுவிசை குறைந்து, குமிழி சிக்குவது நின்றுவிடும். குமிழி சிறியதாக ஆக சுருதி ஏறும். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி என்றால் 3.3 கிலோஹெர்ட்ஸ் அருகே. சாரல் துளிக்கு விட்டம் 1 மில்லிமீட்டர் பக்கம்தான், அது விடுகிற குமிழி அதைவிடப் பொடிசு. 15 கிலோஹெர்ட்ஸை ஒட்டிப் பாடும். கொஞ்சம் பெரிய, நடுத்தரத் துளிகள் பெரும்பாலும் குமிழியே விடாது. அதனால் தண்ணீருக்குள் இருப்பவனுக்குச் சாரலுக்கென்று ஒரு தனிக் குரல் உண்டு. மீனுக்கு எங்கே கேட்டது என்று விட்டுவிடுங்கள், எனக்கே கேட்கவில்லை. ஹெட்போனில் மகள் "உஸ்ஸ்னு இருக்குப்பா" என்கிறாள், நாற்பத்தேழு வயதுக் காதுக்கு வெறும் அமைதி.

அதற்குத்தான் 96 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 96,000 தடவை அளவெடுத்துப் பதிவு. அந்த எண்ணில் பாதி வரையுள்ள சுருதிதான் பதிவாகும். ஆடாசிட்டி என்கிற ஒலித்திருத்த மென்பொருளில் வேகத்தைக் கால்வாசியாக்கினால் 15 கிலோஹெர்ட்ஸ் 3.75-க்கு இறங்கிவிடும், எனக்கும் கேட்கும். இதையே 44.1-ல் பதிந்து மெதுவாக்கினால் 5.5-க்கு மேலே எதுவும் இருக்காது, ஆள் தொண்டை கட்டின மாதிரி மங்கலாக வரும்.

ஜூன் 27, ஜூலை 2. இரண்டு நாளும் ஊர்க் குளத்தில். இரண்டும் பாழ். காற்றில் சாரல் சாய்ந்து விழுந்தால் குமிழி சரியாகச் சிக்காது போல. ஸ்பெக்ட்ரோகிராமில் (எந்தச் சுருதி எவ்வளவு என்று காட்டும் படம்) 15 கிலோஹெர்ட்ஸில் தெரிய வேண்டிய பட்டை கலங்கிப் பரந்து கிடந்தது. இரண்டாம் நாள் கூடுதலாக, பகவதிபுரம் தாண்டி மலையேறுகிற ரயில். முன்னால் ஒரு எஞ்சின், பின்னால் தள்ள ஒன்று. தூரத்து உறுமல் கரை வழியாகத் தண்ணீருக்குள்ளும் வந்துவிட்டது. ஜெஃபெட் போட்டு அடிச்சத்தத்தைக் காப்பாற்றியவனுக்கு நன்றாக வேண்டும். சாரலுக்கு அந்த 2 கிலோ ஓமே போதுமாக இருந்திருக்கும்.

ஜூலை 6, விடியற்காலை. காற்று நின்று, சாரல் நேராக இறங்கியது. பதினொரு நிமிடம் கிடைத்தது. கால் வேகத்தில் கேட்டால் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக, கண்ணாடி வளையல் பெட்டியை யாரோ மெல்லச் சாய்ப்பது மாதிரி. ஒன்பதாவது நிமிடத்தில் ஒரு தவளை குதிக்கிறது. மெதுவாக்கினதில் அது யானை குதித்த மாதிரி இருக்கிறது. வெட்டலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன், வெட்டவில்லை. அண்ணாச்சிக்குப் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, அடுத்த சிரட்டைக்குப் பால் வேண்டுமா என்றார். வேண்டும். இரண்டாவது தட்டு செய்து, குளத்தின் இரண்டு கரையிலும் போட்டு ஸ்டீரியோ பார்க்கப் போகிறேன்.