டூப்ளெக்சருடன் மல்லுக்கட்டிய அனுபவம்

அமெச்சூர் வானொலிக்கான இரண்டு மீட்டர் ரிப்பீட்டர் (வரும் குரலை ஓர் அதிர்வெண்ணில் கேட்டு, அதே நேரத்தில் இன்னொன்றில் திரும்பப் பேசும் நிலையம்) ஒருவழியாக ஆன்டெனாவோடு சேர்ந்து ஒழுங்காக ஓடுகிறது. கன்ட்ரோலர், ஆடியோ, மோர்ஸில் அழைப்புக்குறி சொல்வது எல்லாம் சீக்கிரமே முடிந்துவிட்டன. நேரத்தை விழுங்கியது டூப்ளெக்சரும் (டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒரே ஆன்டெனாவைப் பகிர்ந்துகொள்ள வைக்கும் ஃபில்டர்) அதைச் சுற்றிய கேபிள்களும்தான். ஆகவே இந்தக் குறிப்பிலும் அதுதான் பெரும்பகுதி.

முதலில் அமைப்பு. அலுவலகங்களிலும் வண்டிகளிலும் ஓடி ஓய்ந்த மாதிரியான பழைய மொபைல் செட்கள் இரண்டு. ஒன்று 145.000 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறது, மற்றது 145.600-ல் பேசுகிறது. நடுவே ஒரு கன்ட்ரோலர், 13.8 வோல்ட் பவர் சப்ளை, பக்கத்துக்கு மூன்றாக ஆறு கேவிட்டி (ஓர் அதிர்வெண்ணுக்கு ட்யூன் செய்யும் உலோகக் குடுவை) கொண்ட டூப்ளெக்சர், கடைசியில் ஒரே ஆன்டெனா. மொபைல் செட் இடைவிடாமல் பேசுவதற்காகச் செய்யப்பட்டதல்ல என்பதால் டிரான்ஸ்மிட்டரை 20 வாட்டுக்கு இறக்கி, ஹீட்சிங்க்கில் ஒரு விசிறியும் வைத்தேன்.

20 வாட் என்றால் 43 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல் அளவு). ரிசீவரோ 0.2 மைக்ரோவோல்ட் சிக்னலை, அதாவது மைனஸ் 121 டிபிஎம் அளவை, புரியும்படி கேட்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே 164 டெசிபல். பெருக்கிப் பார்த்தால் சுமார் 250 கோடி கோடி மடங்கு வித்தியாசம். இரண்டும் ஒரே ஆன்டெனாவில், ஒரே நேரத்தில், வெறும் 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நடக்கின்றன. தொண்டை கிழியக் கத்திக்கொண்டே எதிரில் இருப்பவர் கிசுகிசுப்பதையும் கேட்கச் சொல்வது போன்ற வேலை இது.

இதில் தொல்லை இரண்டு வகை. டிரான்ஸ்மிட்டரின் கேரியர் ரிசீவருக்குள் புகுந்து முன்பகுதியைத் திணறடிப்பது ஒன்று. ரிசீவர் பக்கத்தில் 145.600-ஐ வெட்டினால் அது அடங்கும். இரண்டாவது கொஞ்சம் நயவஞ்சகமானது. எந்த டிரான்ஸ்மிட்டரும் தன் கேரியருக்கு இருபுறமும் மெல்லிய இரைச்சலைப் பரப்பும். அதில் ஒரு பகுதி சரியாக 145.000-லேயே வந்து விழுகிறது. ரிசீவர் கேட்க வேண்டிய அதே அதிர்வெண்ணில் வந்த இரைச்சலை ரிசீவர் பக்கத்தில் எந்த ஃபில்டரும் பிரிக்க முடியாது. டிரான்ஸ்மிட்டரை விட்டு வெளியேறும் முன்பே நிறுத்த வேண்டும். அதனால்தான் டூப்ளெக்சரில் நாட்ச் (குறிப்பிட்ட அதிர்வெண்ணை வெட்டும் பள்ளம்) குறுக்காக வைக்கப்படுகிறது: டிரான்ஸ்மிட்டர் பக்க கேவிட்டிகள் ரிசீவர் அதிர்வெண்ணை வெட்டும், ரிசீவர் பக்க கேவிட்டிகள் டிரான்ஸ்மிட்டர் அதிர்வெண்ணை வெட்டும். இது மனதில் பதியாமல் ஸ்க்ரூடிரைவரை எடுத்தால் எந்தத் திருகு எதற்கு என்றே குழம்பும்.

ட்யூனிங்கை ஒவ்வொரு கேவிட்டியாகக் கழற்றித் தனித்தனியே செய்தேன். கருவி நானோவிஎன்ஏ, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் கடக்கிறது, எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் சின்ன அனலைசர். இரு போர்ட்டிலும் 10 டெசிபல் அட்டென்யூவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் துண்டு) ஒன்றைப் போட்டு, அதோடு சேர்த்தே கேலிபிரேட் செய்துகொண்டேன். கேவிட்டியின் நாட்ச் பக்கம் 50 ஓமை விட்டு எங்கோ போய்விடும். அட்டென்யூவேட்டர் இல்லாவிட்டால் அளவு நம்பத்தகாததாகிவிடுகிறது.

டிரான்ஸ்மிட்டர் பக்க கேவிட்டியை எடுத்துக்கொண்டால், பாஸ் (கடந்துபோக வேண்டிய அதிர்வெண்) முதலில், நாட்ச் அடுத்து. மேல்மூடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை உள்ளே தள்ளினால் அதிர்வெண் இறங்கும், வெளியே இழுத்தால் ஏறும். உச்சியைப் பார்த்து நிறுத்தலாம் என்று தோன்றும், ஆனால் அந்த உச்சி தட்டையானது. எங்கே நடு என்று கண்ணுக்குத் தெரியாது. ரிட்டர்ன் லாஸ் (திரும்பி வரும் சிக்னல்) வளைவைப் பார்த்தால் அதே இடத்தில் கூர்மையான பள்ளம் தெரிகிறது, அதை 145.600-ல் உட்கார வைத்தால் போதும். பூட்டு நட்டை இறுக்கும்போது கம்பி ஒரு மயிரிழை திரும்பும், பள்ளம் பத்து இருபது கிலோஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். அதனால் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டு, அவ்வளவு முன்கூட்டியே தள்ளி நிறுத்தி இறுக்க வேண்டும். அப்புறம் நாட்ச் கப்பாசிட்டரை பிளாஸ்டிக் திருப்புளியால் திருப்பி 145.000-க்குக் கொண்டுவர வேண்டும். அது நகரும்போது பாஸும் லேசாக நகரும். மறுபடி பாஸ், மறுபடி நாட்ச். பொறுமை உள்ளவர்களுக்கான வேலை.

கேவிட்டிக்குள் சிக்னலைச் செலுத்தும் கப்ளிங் வளையத்தைத் திருப்பினால் பாஸ் இழப்பு குறையும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். குறையத்தான் செய்கிறது, கூடவே நாட்ச்சின் ஆழமும் குறைகிறது. நான் பழைய நிலையிலேயே விட்டுவிட்டேன். பக்கத்துக்கு 1.5 டெசிபல் இழப்பு என்றால் 20 வாட்டில் 14 வாட்தான் ஆன்டெனாவுக்குப் போகிறது. போகட்டும். அதற்குப் பதிலாகக் கிடைக்கும் அமைதி அதைவிடப் பெரியது. மீதி ஆறு வாட் மூன்று கேவிட்டியில் சூடாகப் பரவுகிறது, தொட்டால்கூடத் தெரியாது. இதே டூப்ளெக்சரில் 100 வாட் ஏற்றினால் அந்தச் சூடு 30 வாட் ஆகும், ட்யூனிங் நகரத் தொடங்கும்.

சூட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் அந்தக் கம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல கேவிட்டிகளில் அது இன்வார். இரும்போடு 36 சதவீதம் நிக்கல் சேர்ந்த உலோகக் கலவை. இதைக் கண்டறிந்ததை ஒட்டிய பணிக்காகத்தான் சார்லஸ் எட்வர்ட் கியோமுக்கு 1920-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. செம்பு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 17 பங்கு நீளும். இன்வார் ஒன்றிரண்டு பங்குதான். நடுக்கம்பி முழுக்கச் செம்பாக இருந்தால் 20 டிகிரி வித்தியாசத்துக்கு கேவிட்டி ஏறத்தாழ 50 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்திருக்கும். இன்வாரில் அது சில கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. நாட்ச்சின் அடிப்பகுதி எவ்வளவு குறுகலானது என்று திரையில் பார்த்தவர்களுக்கு இந்த எண் எவ்வளவு பெரியது என்று புரியும்.

மூன்று கேவிட்டியையும் சேர்த்த பிறகு நானோவிஎன்ஏ கைவிரித்துவிட்டது. அதன் எல்லை இந்தப் பட்டையில் 70 டெசிபல் சுற்றுவட்டாரம்; அதற்குக் கீழே காட்டுவதெல்லாம் அதன் சொந்த இரைச்சல். எனவே பழைய முறைக்குத் திரும்பினேன். சிக்னல் ஜெனரேட்டரை நேரடியாக ரிசீவரில் மாட்டி, சினாட் (இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு தெளிவு என்ற அளவு) 12 டெசிபல் வரும் அளவைக் குறித்துக்கொண்டேன். பிறகு ரிசீவரை 145.600-க்கு மாற்றி, டூப்ளெக்சர் வழியாக அதே 12 டெசிபல் வரும் வரை ஜெனரேட்டரை ஏற்றினேன். மைனஸ் 121 கேட்ட இடத்தில் இப்போது மைனஸ் 27 தேவைப்பட்டது. வித்தியாசம் 94 டெசிபல், அதுதான் நாட்ச் ஆழம். ஜெனரேட்டரின் பெட்டியிலிருந்தே சிக்னல் கசிந்தால் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும். கேபிளைக் கழற்றிவிட்டு ரிசீவர் ஊமையாகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

கேவிட்டிகளை இணைக்கும் கேபிள்களின் நீளமும் சும்மா இல்லை. 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலை 52 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பாலிஎத்திலீன் கேபிளில் வேகம் 0.66 மடங்கு என்பதால் 34 சென்டிமீட்டர். அதிலும் கனெக்டரும் உள்ளே இருக்கும் வளையமும் சேர்ந்தே கணக்கு என்பதால் வெட்டும் நீளம் இன்னும் குறையும். பழைய கேபிளை மாற்றுகிறவர்கள் முதலில் அதன் நீளத்தை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி உண்மையான பரீட்சை. ரிசீவருக்குப் போகும் கேபிளில் ஒரு டீ கனெக்டர், அதன் பக்கக் கிளையில் மையப் பின் பாதி வெட்டப்பட்டது. அந்த இடைவெளி வழியாக ஜெனரேட்டர் சிக்னல் மெல்லக் கசிந்து ரிசீவருக்குப் போகும், ரிசீவரின் சுற்று கெடாது. டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு 12 டெசிபல் சினாட் வரும் அளவைக் குறித்து, டிரான்ஸ்மிட்டரை ஏற்றி மறுபடி அதே சினாட்டுக்கு எவ்வளவு கூட்ட வேண்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கூட்டிய டெசிபல்தான் டிசென்ஸ். ரிப்பீட்டர் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் நான் இந்த ஒரு எண்ணைத்தான் பார்ப்பேன். எஸ்டபிள்யூஆர் மீட்டரோ (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்புகிறது என்று காட்டுவது) வாட் மீட்டரோ அதைச் சொல்லாது.

டூப்ளெக்சரின் ஆன்டெனா போர்ட்டில் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை விழுங்கும் தடை) போட்டால் டிசென்ஸ் அரை டெசிபல்கூட இல்லை. ஆன்டெனாவை மாட்டினால் 9 டெசிபல். அதுவும் நிலையாக இல்லை, கரகரவென்று ஏறி இறங்கியது. எஸ்டபிள்யூஆர் 1.2, அழகாகவே இருந்தது.

டம்மி லோடில் சுத்தமாக இருக்கிறது என்றால் டூப்ளெக்சரும் ரேடியோக்களும் குற்றமற்றவை. குற்றவாளி அதற்கு அந்தப் பக்கம். அதே டம்மி லோடைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போனேன். டூப்ளெக்சரிலிருந்து இடிதாங்கி வரை போகும் சின்ன ஜம்பரின் மறுமுனையில் மாட்டியவுடனேயே கரகரப்பு வந்துவிட்டது. ஜம்பரைக் கையால் லேசாக வளைத்தால் ஸ்பீக்கரில் சுள்ளி ஒடிவது மாதிரிச் சத்தம். செட்டோடு வந்த ஜம்பர் அது, அலுமினியத் தாள் உறையும் அதன் மேல் தகரம் பூசிய செம்புப் பின்னலும் கொண்ட கேபிள். சாதாரண நிலையத்துக்கு அருமையான கேபிள், இழப்பு குறைவு. ஆனால் ஒரே கேபிளில் 14 வாட் போய்க்கொண்டே மைனஸ் 121 வர வேண்டிய இடத்தில், இரண்டு வெவ்வேறு உலோகங்கள் உரசும் ஆயிரக்கணக்கான புள்ளிகள் சின்னச் சின்ன இரைச்சல் ஊற்றுகளாகிவிடுகின்றன. கேட்பதும் பேசுவதும் மாறி மாறி நடக்கும் நிலையத்தில் இது யாருக்கும் தெரியவே தெரியாது.

ஜம்பரை வெள்ளி பூசிய இரட்டைப் பின்னல் கொண்ட ஆர்ஜி-214-க்கு மாற்றினேன். பிஎல்-259 கனெக்டரையும் அதன்மேல் ஏறியிருந்த அடாப்டர்களையும் கழற்றிப் போட்டுவிட்டு நேராக N வகைக் கனெக்டர். டிசென்ஸ் 2 டெசிபலுக்கு இறங்கியது. மிச்சம் கோபுரத்தில் இருந்தது. ஆன்டெனாவுக்குச் சற்றுக் கீழே எதற்காகவோ மாட்டி மறந்துபோன துருப்பிடித்த கிளாம்ப் ஒன்று. மரக்கழியால் தட்டினால் ரிசீவர் பதில் சொன்னது. அதை எடுத்த பின் ஒரு டெசிபலுக்குள் வந்துவிட்டது. இதற்கு மேல் துரத்தப்போவதில்லை.

ஆடியோ பற்றிச் சுருக்கமாக. ரிசீவரில் எஃப்எம் சிக்னலைக் குரலாக்கும் டிஸ்கிரிமினேட்டரிலிருந்தே சிக்னலை எடுத்து, குரலின் நிறம் மாறாமல் மறுபக்கம் கொடுத்தேன். இடையில் ஒரு 600 ஓம் டிரான்ஸ்ஃபார்மர் போட்டதும் ஹம் போய்விட்டது. டீவியேஷனை, அதாவது குரலுக்கேற்ப அதிர்வெண் விலகும் அளவை, கேரியர் மறையும் புள்ளியைப் பார்க்கும் பெஸல் நல் முறையில் வைத்தேன். 2079 ஹெர்ட்ஸ் தொனியைக் கொடுத்து, அளவைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றிக்கொண்டே போனால் ஆர்டிஎல்-எஸ்டிஆர் (கணினியில் மாட்டும் மலிவான ரிசீவர்) திரையில் நடுக்கேரியர் மெலிந்து முதல் முறையாகக் காணாமல் போகும். அந்த இடத்தில் மாடுலேஷன் இன்டெக்ஸ் (டீவியேஷனைத் தொனியின் அதிர்வெண்ணால் வகுத்தது) 2.405, பெருக்கினால் டீவியேஷன் சரியாக 5 கிலோஹெர்ட்ஸ். விலை உயர்ந்த டீவியேஷன் மீட்டர் எதுவும் வேண்டாம். பக்கக் கோடுகள் இருபுறமும் பளிச்சென்று நிற்க, நடுவில் மட்டும் வெறுமை. பார்க்கவே வேடிக்கையாக இருக்கும்.

கன்ட்ரோலரில் சொல்ல அதிகம் இல்லை. ஸ்குவெல்ச் (சிக்னல் வந்தால் மட்டும் ஒலியைத் திறக்கும் சுற்று) திறந்தால் பிடிடி (டிரான்ஸ்மிட்டரை ஏற்றும் கட்டளை), மூடினால் சிறு வால், மூன்று நிமிட டைம்அவுட், 88.5 ஹெர்ட்ஸ் சிடிசிஎஸ்எஸ் (குரலோடு சேர்ந்து வரும் அடையாளத் தொனி) இல்லாமல் திறக்காது. ரேடியோக்களுக்கும் போர்டுக்கும் நடுவே ஆப்டோகப்ளர் (ஒளி வழியாக மட்டும் இணைக்கும் பாகம்).

பராமரிப்புக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். போகும் பவர், திரும்பும் பவர், டிரான்ஸ்மிட்டர் அணைந்த நிலையிலும் ஏறிய நிலையிலும் ரிசீவர் உணர்திறன், ஹீட்சிங்க் சூடு, பேட்டரி வோல்டேஜ். திரும்பும் பவர் மெல்ல ஏறினால் பெரும்பாலும் கனெக்டருக்குள் தண்ணீர். கடைசி இரண்டும் சரியாக இருந்து டிசென்ஸ் மட்டும் ஏறினால் முதலில் ஜம்பர்களை அசைத்துப் பார்ப்பேன், கேவிட்டித் திருகுகளை எக்காரணம் கொண்டும் தொடமாட்டேன். ட்யூன் செய்த டூப்ளெக்சர் தானாகக் கெடுவது அபூர்வம். யாராவது சும்மா திருகிப் பார்த்துக் கெடுவதே அதிகம். திருகுகளின் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்திருக்கிறேன், யாராவது தொட்டால் விரிசல் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து டிரான்ஸ்மிட்டருக்கும் டூப்ளெக்சருக்கும் நடுவே ஒரு ஐசோலேட்டர் போட வேண்டும். பக்கத்தில் இன்னொரு டிரான்ஸ்மிட்டர் வந்தால், அதன் சிக்னல் நம் ஆன்டெனா வழியாகப் பவர் ஆம்ப்ளிஃபையருக்குள் புகுந்து இன்டர்மாடுலேஷன் (இரண்டு சிக்னல்கள் கலந்து பிறக்கும் வேண்டாத புதுச் சிக்னல்கள்) உண்டாக்காமல் அது தடுக்கும். பழையது ஒன்று கையில் இருக்கிறது, ஆனால் 155 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ட்யூன் செய்யப்பட்டது. அதன் டிரிம்மர்கள் 145 வரை இறங்குமா என்று முதலில் மேஜையில் பார்க்க வேண்டும்.