‘போர்டு’ என்ற ஒரு சொல்லும் நான் இழந்த நான்கு மதிப்பெண்ணும்

மத்திய அரசு வேலைகளுக்கான சி.ஜி.எல். தேர்வின் இறுதிப் பட்டியலில் என் எண் வந்து ஆறு நாள் ஆகிறது. இது எனக்கு மூன்றாவது முயற்சி. சென்ற முறை 2.8 மதிப்பெண்ணில் வேலை கைநழுவிப் போனதற்கு ஒரே ஓர் ஆங்கில மரபுத்தொடர்தான் காரணம் என்று இன்றும் நம்புகிறேன். கணிதத்தில் நான் விட்டது எவ்வளவு என்று நண்பர்கள் நினைவூட்டுவதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அந்தத் தொடர் ‘கோ பை த போர்டு’. டயர் 2 எனப்படும் இரண்டாம் கட்டத் தேர்வில் ஆங்கிலப் பகுதியின் 45 கேள்விகளுள் ஒன்றாக வந்தது. போர்டு என்றதும் எனக்கு மின்வாரியமும் பொதுத்தேர்வும்தான் நினைவுக்கு வந்தன. ஆகவே, வாரியம் சொன்னபடி நடப்பது, அதாவது விதிகளைப் பின்பற்றுவது என்று பொருள்கொண்டு விடையைக் குறித்துவிட்டேன். சரியான விடை ‘கைவிடப்படுவது’. கிடைக்க வேண்டிய 3 போய், தவறான விடைக்குக் கழிவாக 1 போய், அந்த ஓர் இடத்திலேயே 4 மதிப்பெண் சரிந்தது. பயிற்சி மையத்தில் கொடுத்த பட்டியலை இருமுறை மனப்பாடம் செய்திருந்தேன் என்பதும், இத்தொடர் அதில் இருந்தது என்பதும்தான் வயிற்றெரிச்சல்.

அதன்பின் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, சொற்பிறப்பு தரும் பெரிய அகராதி ஒன்றை எடுத்துக்கொண்டு, இந்த ஒரு சொல்லோடு மூன்று நாள் உட்கார்ந்தேன். பழைய ஆங்கிலத்தில் இச்சொல் பலகையையும் குறித்தது, கப்பலின் பக்க விளிம்பையும் குறித்தது. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் ஏறக்குறைய எல்லாப் பொருளும் தாமாக வந்து சேர்கின்றன.

பலகைக்குக் கால் வைத்தால் மேசை. மேசையில் உணவு பரிமாறியதால் உணவுக்கே அப்பெயர் வந்தது. நம் பேருந்து நிலையங்களுக்கு எதிரே ‘போர்டிங் அண்ட் லாட்ஜிங்’ என்று எழுதியிருக்கிறார்களே, அதில் போர்டிங் என்பது சாப்பாடு, லாட்ஜிங் என்பது தங்கல். நான் இத்தனை ஆண்டுகளாக அதை நேர்மாறாகப் புரிந்துவைத்திருந்தேன். அதே மேசையைச் சுற்றி அமர்ந்து முடிவெடுத்தவர்கள் இயக்குநர் குழுவாகவும் வாரியமாகவும் ஆனார்கள். மதுரைப் புலவர்கள் அமர்ந்ததாகப் புராணம் சொல்லும் சங்கப்பலகையை நினைத்துக்கொண்ட பிறகு இந்தப் பொருள் எனக்கு மறக்கவே இல்லை. சீட்டாட்டத்தில் கைகள் மேசைக்கு மேலே எல்லாருக்கும் தெரியும்படி இருந்தால் அது ‘அபவ் போர்டு’, ஒளிவுமறைவற்றது. மேசையில் கிடந்த பணயம் முழுவதையும் வாரிக்கொண்டால் அது ‘ஸ்வீப் த போர்டு’.

கப்பல் பக்கம் போனால் ‘ஆன் போர்டு’, ‘ஓவர்போர்டு’ இரண்டையும் விளக்க வேண்டியதில்லை. ‘ஸ்டார்போர்டு’ என்பதில் விண்மீன் எதுவும் இல்லை. பழங்காலத்தில் கப்பலைத் திருப்பும் துடுப்பு வலப்புறம் இருந்ததால் அது திருப்பும் பக்கம் எனப்பட்டது. இடப்புறத்துக்கு வழங்கிய ‘லார்போர்டு’ அதே ஓசையில் ஒலித்துக் குழப்பியதால், 1844இல் பிரிட்டிஷ் கடற்படை அதை விலக்கி ‘போர்ட்’ (port) என்று சொல்ல ஆணையிட்டது. (இது தேர்வுக்குத் தேவையில்லை, எனக்குப் பிடித்திருந்தது.) என் பகையாளித் தொடரும் இங்கேதான் இருந்தது: முறிந்த பாய்மரம் விளிம்பைத் தாண்டிக் கடலில் விழுந்து ஒழிவதே ‘கோ பை த போர்டு’. இந்தக் காட்சியைப் பார்த்தவர் அதை விதிகளைப் பின்பற்றுவது என்று குறிக்க மாட்டார்.

‘அக்ராஸ் த போர்டு’ இந்த இரண்டிலும் அடங்காது. அது அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தில், ஒரே குதிரையின் மேல் முதல் மூன்று இடங்களுக்கும் சமமாகப் பணம் கட்டுவதிலிருந்து வந்தது. இன்றைய பொருள், விதிவிலக்கின்றி எல்லாருக்கும்.

நான் பின்பற்றியவை:

1. ஒரு சொல்லுக்குக் கோடு போடாத தாளில் ஒரு பக்கம். நடுவில் மூலப்பொருள், சுற்றிலும் கிளைகள்.

2. ஒரு நாளுக்கு ஒரு சொல்லுக்கு மேல் வேண்டாம். நான் மெதுவாகப் படிப்பவன். ஒரே மூச்சில் நூறு தொடர்களை விழுங்கக் கூடியவர்களுக்கு இம்முறை எரிச்சலூட்டும்.

3. தெரிந்த சொல் தெரியாத தொடரில் வந்தால் நிறுத்தி யோசிக்கவும். அறியாத சொல்லை நான் தொடாமல் விட்டேன். அறிந்த சொல்தான் என்னை ஏமாற்றியது.

4. சந்தேகமானால் விட்டுவிடவும். அன்று நான் விட்டிருந்தாலும் 1 மதிப்பெண்தான் மிஞ்சியிருக்கும், வேலை கிடைத்திருக்காது, இருந்தாலும் விடவும்.

5. பிழை திருத்தம், குளோஸ் டெஸ்ட் (பத்தியில் விடுபட்ட சொற்களை நிரப்புவது) ஆகியவற்றுக்கு முந்தைய ஆண்டு வினாத்தாள்களே போதும்.

இம்முறை தேர்வுக்கு முன் 38 சொற்களுக்குப் பக்கம் எழுதியிருந்தேன். அவற்றிலிருந்து இரண்டு கேள்விகள் வந்தன, இரண்டும் சரி. போர்டு வரவில்லை.