பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு முன்னால் என் பெயரைச் சரிசெய்தது

2024 செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பு சிபிஎஸ்இ பதிவு நடந்தது. வகுப்பாசிரியை ஆளுக்கொரு தாள் கொடுத்து, பெயர், பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று வீட்டில் பார்த்துக் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். என் தாளில் முதல் பெயர் என்ற கட்டத்தில் 'எஸ்' என்று ஒரே ஓர் எழுத்து. கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் கயல்விழி.

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அப்பா பீரோவிலிருந்து ஃபைலை எடுத்து, மூன்று காகிதங்களைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பள்ளித் தாளில் 'எஸ்' முன்னால் நிற்கிறது. ஆதாரில் இனிஷியலே இல்லை. ஆங்கிலத்தில் இசட்டுக்குப் பின்னால் வரவேண்டிய எச் விட்டுப்போய், மேலே இந்தியில் 'கயல்விஜி' ஆகியிருந்தேன். மூன்றாவது, பிறப்புச் சான்றிதழ். தலைப்பிரசவத்துக்கு அம்மா பிறந்த வீட்டுக்குப் போயிருந்ததால் நான் பிறந்தது கும்பகோணத்தில். அந்தச் சான்றிதழில் தேதி இருந்தது, அப்பா பெயர் இருந்தது, அம்மா பெயர் இருந்தது. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும். பெயர் வைப்பதற்கு முன்பே பிறப்பைப் பதிந்துவிட்டார்கள். பள்ளியில் சேர்க்கும்போது பிறந்த தேதிக்காக மட்டும் அதைப் பார்த்ததால் கோடு கோடாகவே இருந்துவிட்டது.

எங்கள் வீடு தில்லி முனிர்க்காவில். முருகன் கோயிலான மலைமந்திர் நடந்துபோகிற தூரம். அங்கே பிரசாத வரிசையில் நிற்கும் நேரத்தில் அம்மா இந்த விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் முன்னாலும் பின்னாலும் இருப்பவர்கள் திரும்பி, "எங்க பையனுக்கும் இதேதான்" என்பார்கள். தில்லியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது இந்தத் தலைவலி இருக்கும் என்று தோன்றுகிறது. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: ஒன்பதாம் வகுப்பில் பதிகிற பெயர்தான் பத்தாம் வகுப்புத் தேர்வுப் பட்டியலுக்குப் போகிறது. அதுதான் சான்றிதழில் அச்சாகிறது. பிறகு கல்லூரி, வேலை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் அந்தச் சான்றிதழைத்தான் காட்டுவோம். அதோடு, எங்கள் வகுப்பில் அப்போது அபார் எண் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாணவருக்கு 12 இலக்கத்தில் ஓர் அடையாள எண். அதற்குப் பள்ளிப் பதிவிலுள்ள பெயரும் ஆதார்ப் பெயரும் ஒத்துப்போக வேண்டும். 'பொருந்தவில்லை' பட்டியலில் நாங்கள் நான்கு பேர். அதில் மூன்று பேர் தென்னிந்தியர்கள்.

பள்ளி ஆபீஸ் எழுத்தரான பாபுஜியிடம் போனேன். நல்ல மனிதர்தான், குரல் உயர்த்தவில்லை. "சர்நேம் க்யா ஹை?" என்றார். எங்களுக்கு சர்நேம், அதாவது குடும்பப் பெயர் கிடையாது, எஸ் என்பது அப்பா பெயரின் முதல் எழுத்து என்றேன். "அது எப்படி இல்லாமல் இருக்கும்? எல்லாருக்கும் இருக்கும். வீட்டில் கேட்டு வா" என்றார். ஆதாரைத் திருத்திக்கொண்டு வந்தால் பள்ளியில் திருத்தலாம் என்றும் சொன்னார். ஆதார் மையத்தில் கேட்டால், பள்ளித் தலைமை ஆசிரியர் கையெழுத்திட்ட சான்று, இல்லாவிட்டால் பெயருள்ள பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அவர் இவரைக் கேட்கச் சொல்கிறார், இவர் அவரைக் கேட்கச் சொல்கிறார். இந்த வட்டத்தை உடைக்க ஒரே வழி அந்தக் கோட்டின் மேல் பெயர் ஏறுவதுதான்.

அங்கேதான் பதறிப்போனோம். பிறப்பைப் பதிந்த 12 மாதத்துக்குள் என்றால் குழந்தையின் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 வருஷம் வரை சேர்க்கலாம். என் பிறப்பு பதிவானது 2009 அக்டோபரில். அப்பா காலண்டரைப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "ஒரு மாசம்கூட முழுசா இல்ல செல்வி" என்றார். அடுத்த நாள் அப்பாவும் அம்மாவும் கையெழுத்திட்ட உறுதிமொழி, இரண்டு பேர் ஆதார் நகல், பழைய சான்றிதழ் எல்லாம் ஸ்பீட் போஸ்டில் கும்பகோணத்துக்குப் போயின. மாமா கடையைப் பூட்டிவிட்டு இரண்டு நாள் ஆபீஸுக்கு அலைந்தார். இரண்டாவது நாள் அங்கிருந்தே போன் செய்தார்: "கயலு, கம்ப்யூட்டர்ல அடிக்கிறாங்க. எழுத்து ஒவ்வொண்ணாச் சொல்லு." வகுப்பு இடைவேளையில் அம்மா போனிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். "இசட், எச், ஐ" என்று மூன்று முறை சொன்னேன். மாமா அங்கே உரக்கத் திருப்பிச் சொல்வது கேட்டது. ழகரத்துக்காக நான் அவ்வளவு கவனமாக இருந்தது அன்றுதான்.

ஆனால் எந்தப் பெயரை எழுதச் சொல்வது என்பதை முடிவு செய்ய அதற்கு முன்பே வீட்டில் மூன்று ராத்திரி பேசினோம். இனிஷியலாகவே விட்டால் ஊரில் யாருக்கும் குழப்பமில்லை. ஆனால் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும்; இன்றைக்கு விட்டால் நாளைக்கு நான்காவதாக ஒரு பெயர் வந்து நிற்கும். எனவே கயல்விழி சுந்தரம். அப்பா பெயரை முழுதாக, என் பெயருக்குப் பின்னால். எனக்கு அதில் ஒரு சங்கடம் இருந்தது. வகுப்பில் ஏற்கெனவே ஒரு பையன், "சுந்தரம்னா என்ன ஜாதி?" என்று கேட்டிருந்தான். அவன் கெட்டவன் இல்லை. அவன் வளர்ந்த இடத்தில் கடைசிப் பெயரைக் கேட்டால் அதுதான் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வி என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

மன்னார்குடித் தாத்தாவிடம் போனில் கேட்டேன். அவர் சொன்னது: "எங்க அப்பா கல்யாணப் பத்திரிகையில பேருக்குப் பின்னாடி பட்டம் போட்டிருக்கும். என் கல்யாணப் பத்திரிகைய அவர்தான் அடிச்சார். அதுல பட்டம் இல்ல. எடுத்துடுன்னு யாரும் சொல்லல, அவராவே எடுத்துட்டார்." 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் செங்கல்பட்டில் நடந்த முதல் மாகாண சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதன் பிறகு குடும்பம் குடும்பமாக நடந்த காரியம் இது. என் பெயரில் சர்நேம் இல்லாதது யாரோ எழுத மறந்ததால் இல்லை. என் கொள்ளுத்தாத்தா யோசித்து எடுத்த முடிவு அது.

இதைப் பக்கத்து பெஞ்சுத் தோழியிடம் சொன்னபோது அவள் சொன்ன பதில் எனக்கு இன்னும் ஆச்சரியம். அவள் பீகார்க்காரி, பெயரின் முடிவில் குமாரி என்று வரும். 1974-ல் பீகாரில் ஊழலை எதிர்த்து ஜெயப்பிரகாஷ் நாராயண் இயக்கம் நடந்தபோது அவளுடைய தாத்தா சாதிப் பெயரை விட்டவராம். அதிலிருந்து அவர்கள் வீட்டில் எல்லாரும் குமார், குமாரிதான். "அப்போ நாம ரெண்டு பேரும் ஒண்ணு" என்றாள். பள்ளியில் பெயரைப் பற்றி ஒரு பாடம் நடத்தலாம். ஒவ்வொரு மாநிலத்தில் ஒவ்வொரு விதமாகப் பெயர் வைக்கிறார்கள், சிலருக்கு ஒரே ஒரு சொல்தான் பெயர் என்று பிள்ளைகளுக்கும், படிவத்தைத் தயாரிக்கிறவர்களுக்கும் தெரிந்திருந்தால் என் தாளில் அந்த 'எஸ்' முதல் பெயராக ஆகியிருக்காது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்துக்கு இங்கே ஏழு பள்ளிகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் படிக்கும் என் சித்தி பெண்ணுக்கு இந்தப் பிரச்சினை வரவே இல்லை. இனிஷியல் என்றால் என்னவென்று அங்கே ஆபீஸில் யாரும் கேட்கவில்லை.

பெயரேறிய சான்றிதழ் வந்ததும் ஆதார் மையத்துக்குப் போனோம். எனக்கு அப்போதுதான் 15 முடிந்திருந்தது. அந்த வயதில் விரல்ரேகையையும் கருவிழியையும் எப்படியும் புதுப்பிக்க வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. பெயர்த் திருத்தம் மட்டும் என்றால் அன்று 50 ரூபாய்; 2025 அக்டோபரிலிருந்து 75. பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால், பதிகிறவர் திரையை நம் பக்கம் திருப்பிக் காட்டும்போது இந்தி எழுத்தையும் கட்டாயம் படித்துப் பாருங்கள். நான் படித்தேன். மறுபடியும் ஜகரம்தான் வந்திருந்தது. ழகரத்துக்கு இந்தியில் சரியான எழுத்து இல்லை, லகரமாவது போடுங்கள் என்று கேட்டு மாற்றினேன்.

அந்த வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றோம். அம்மா ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றவர் மெதுவாகச் சொன்னார்: "எல்லாத்துக்கும் இந்த ஃபைலத் தூக்கிட்டு அலையறது நான். உன் பேருல நான் இல்லையே." எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அம்மா இனிஷியலையும் சேர்க்கலாமா என்று அன்று ராத்திரி அப்பாவிடம் கேட்டேன். அவருக்குச் சம்மதம். ஆனால் பிறப்புச் சான்றிதழில் பெயர் அதற்குள் ஏறிவிட்டது. இனி மாற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்போது என் நோட்டுகளில் எல்லாம் செ. சு. கயல்விழி என்றுதான் எழுதுகிறேன். புதிதாகக் குழந்தை பிறந்திருக்கும் வீட்டில் யாராவது இதைப் படித்தால், பிறப்பைப் பதியும்போதே இதையும் பேசிவிடுங்கள்.

புது ஆதார் வந்து, பள்ளிக்கு விண்ணப்பம் எழுதி எடுத்துப்போக வேண்டிய வாரத்தில் தில்லியில் மூச்சுவிட முடியவில்லை. 2024 நவம்பர் 18-லிருந்து வகுப்புகள் ஆன்லைன். முதலில் 10, 12 வகுப்புகளுக்கு மட்டும் பள்ளி உண்டு என்றார்கள். அன்றைக்கே உச்ச நீதிமன்றம் அவர்களையும் வீட்டில் இருக்கச் சொன்னது. எங்கள் வீட்டில் அம்மா போன் ஒன்றுதான் பகலில் இருக்கும். தம்பிக்கு நான்காம் வகுப்பு, எனக்கு ஒன்பது, இரண்டும் ஒரே நேரத்தில். நான் கணக்கு வகுப்பையும் அவன் இந்தி வகுப்பையும் விட்டோம். பள்ளியை மூடுவது தவறென்று சொல்ல மாட்டேன், அந்தக் காற்றில் தம்பிக்கு இருமல் நிற்கவே இல்லை. ஆனால் ஒவ்வொரு குளிர்காலமும் இது வரும் என்று தெரிந்திருக்கும்போது, ஒரு போன் இருக்கிற வீட்டுப் பிள்ளை எப்படிப் படிக்கும் என்பதையும் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். அதை யாரும் எங்களிடம் கேட்டதில்லை.

அந்த நாட்களில் ஒன்று நடந்தது. ஆன்லைன் வகுப்பில் பெயரை நாமே அடிக்கலாம். நான் தமிழில் 'கயல்விழி' என்று அடித்து உள்ளே போனேன். அறிவியல் ஆசிரியை, "இது யார், என்ன மொழி?" என்று கேட்டு, என்னிடமே உச்சரிப்பைக் கேட்டு, இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அதுவரை அவருக்கு நான் 'எஸ்'.

பள்ளி திறந்ததும் விண்ணப்பத்தோடு பிறப்புச் சான்றிதழ், ஆதார், அப்பா கையெழுத்திட்ட கடிதம் வைத்துக் கொடுத்தேன். 2021 ஜூன் 3-ல் உச்ச நீதிமன்றம் ஜிக்யா யாதவ் வழக்கில் சொன்னதையும் தெரிந்துகொண்டு போயிருந்தேன்: ஒருவரின் பெயர் அவருடைய கருத்துச் சுதந்திரத்தின் ஒரு பகுதி. சிபிஎஸ்இ சான்றிதழில் அப்பா அம்மா பெயரைத் திருத்தக் கேட்டுப் போன மாணவியின் வழக்கு அது. அதைச் சொல்லும் அவசியம் வரவில்லை. பாபுஜி மூன்று காகிதங்களையும் பார்த்து, "இப்போ எல்லாம் ஒண்ணா இருக்கு" என்று சேர்க்கைப் பதிவேட்டில் சிவப்பு மையில் திருத்தி, தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு யுடைஸ் பிளஸில், அதாவது பள்ளி மாணவர் விவரங்களைப் பதியும் அரசு இணையதளத்தில், திருத்தம். அபார் எண் வந்தது. சிபிஎஸ்இ வாரியத்துக்குத் திருத்தம் பள்ளி வழியாகத்தான் போகும், நாமாக எதுவும் செய்ய முடியாது. அடுத்த வருஷம் தேர்வுப் பட்டியல் போகும்வரை நான்கு முறை ஆபீஸுக்குப் போய், "போயிடுச்சா?" என்று கேட்டேன். கேட்டது வீண் இல்லை; மூன்றாவது முறை போனபோதுதான் என் காகிதம் இன்னும் மேசையிலேயே இருந்தது தெரிந்தது.

2026 பிப்ரவரி 17, கணக்குத் தேர்வு. ஹால் டிக்கெட்டில் கயல்விழி சுந்தரம் என்று இருந்தது, எச் சரியான இடத்தில். தாத்தாவிடம் தேதியைச் சொன்னதும், செங்கல்பட்டு மாநாடு கூடிய அதே தேதி என்றார்.

தம்பியின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் பார்த்தோம். அவன் 2015-ல் பிறந்தவன். அதிலும் கோடுதான். மாமாவுக்கு உறுதிமொழியை அனுப்பிவிட்டோம், இந்த முறை பெயருக்குப் பின்னால் அம்மா பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து.