ஒன்டாரியோ புல்தரைக்கு ஆவணிதான் பட்டம்

இந்த ஆண்டு புல்தரை வேலையின் நாட்காட்டியையே மாற்றிப் பார்த்தேன். வசந்தம் வந்ததும் விதை, உரம், தண்ணீர் என்று ஒரேயடியாக இறங்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, பெரிய வேலைகளையெல்லாம் ஆகஸ்ட் கடைசிக்கும் செப்டம்பருக்கும் தள்ளினேன். அதன் பலன் இப்போது வாசலில் தெரிகிறது. இதே குளிரில், இதே களிமண்ணோடு போராடுகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

வீடு கனடாவில், டொராண்டோவுக்குக் கிழக்கே ஏஜாக்ஸில். புதுக் குடியிருப்புகளில் நடப்பது தெரிந்ததுதான்: வீடு கட்டும்போது மேல்மண்ணை வழித்து எடுத்துவிடுவார்கள், முடிந்ததும் இறுகிய களிமண்மேல் கொஞ்சம் மண்ணைத் தூவி, சுருட்டிக் கொண்டுவந்த புல்லை விரித்துவிட்டுப் போவார்கள். அதற்குக் கீழே வேர் இறங்க இடமே இருக்காது.

ஏப்ரலில் பனி கரைந்ததும் அங்கங்கே சாம்பல் நிறத்தில் ஒட்டடை படிந்தது போலப் புல் படுத்துக் கிடந்தது. பனிக்கடியில் வளரும் பூஞ்சைதான் காரணம். மருந்து எதுவும் தேவையில்லை. தரை காயும் வரை அதன்மேல் நடக்காமல் இருந்து, பிறகு இலை வாரும் விசிறி வாரியால் மெல்லக் கோதிவிட்டால் காற்றுப் பட்டுத் தானாகத் தெளியும். ஈரக் களிமண்ணை மிதித்தால் அது இன்னும் இறுகும் என்பதால் பொறுமை முக்கியம்.

மஞ்சள் பூப் பூக்கும் டேண்டிலயன் களைகளை மழை பெய்த மறுநாள் நீளக் கவையால் வேரோடு பிடுங்கினேன். ஒன்டாரியோவில் 2009 ஏப்ரல் 22 முதல் அழகுக்காகக் களைக்கொல்லி அடிக்கத் தடை இருக்கிறது. கடையில் கிடைப்பது இரும்புச் சத்துக் கலந்த திரவம்தான். அது பட்டால் அகன்ற இலைகள் கருகிவிடும், புல்லோ இன்னும் பச்சையாகும். ஆனால் டேண்டிலயனின் ஆணிவேர் மறுபடி துளிர்க்கும். சிறிய இடமென்றால் கையால் எடுப்பதே மேல்.

அப்புறம் வெட்டு. உயரத்தை மூன்று அங்குலத்தில் வைத்தேன், கோடை முழுக்க இறக்கவே இல்லை. ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. வெட்டிய துண்டுகளை அங்கேயே விட்டுவிடுகிறேன், அதிலிருக்கும் நைட்ரஜன் மண்ணுக்கே திரும்பும். கத்தியைச் சாணை பிடித்ததுதான் உடனே பலன் தந்த வேலை. மழுங்கிய கத்தியால் வெட்டிய புல்லின் நுனியைக் குனிந்து பார்த்தால் நூல் நூலாகக் கிழிந்து வெளுத்திருக்கும்; தூரத்திலிருந்து பார்க்கத் தரையே சாம்பல் பூத்ததாகத் தெரியும். சாணைக்குப் பிறகு நுனி நேராக, பச்சையாக நின்றது.

ஜூலையில் புல் பழுப்பேறியது. அதை அப்படியே விட்டேன். கென்டக்கி புளூகிராஸ் வெயிலில் உறங்கி, குளிர்ச்சி வந்ததும் எழும் இனம். ஒரு செடியைப் பிரித்து அடிப்பகுதியைப் பார்த்தேன்: மேலே வைக்கோல், மண்ணை ஒட்டிய குருத்து மட்டும் வெள்ளையாக, நசுங்காமல் உறுதியாக இருந்தது. உயிர் அங்கேதான் இருக்கிறது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அரை அங்குலம் தண்ணீர் விட்டால் அந்தக் குருத்து காயாது.

ஆகஸ்ட் கடைசியில் நடைபாதையோரம் ஒரு திட்டு மட்டும் எழவில்லை. பக்கத்து வீட்டு அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர், வேலியருகே நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி விட்டுப் பிரயோசனமில்லைத் தம்பி. ஒரு பிடி பிடிச்சு இழுத்துப் பாருங்கோ." இழுத்தேன். வேரே இல்லாமல் கையோடு வந்தது. அடியில் பழுப்புத் தலையும் பால் வெள்ளை உடலுமாக, அரைவட்டமாகச் சுருண்ட வேர்ப்புழுக்கள். இவற்றை விட்டுவைத்தால் தின்ன வரும் ஸ்கங்க், ராக்கூன் போன்ற விலங்குகள் ராத்திரியில் தரையைப் புரட்டிப் போட்டுவிடும்.

இதற்கு இங்கே நல்ல வழி நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத இவை வேர்ப்புழுவுக்குள் புகுந்து கொல்லும். வேர்ப்புழு சிறிதாக, மண் வெதுவெதுப்பாக இருக்கும் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில்தான் வேலை செய்யும். உயிருள்ள சரக்கு என்பதால் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, சீக்கிரம் பயன்படுத்த வேண்டும். வெயில் பட்டால் செத்துவிடும். அதனால் மண்ணை முதலில் நனைத்து, சாயங்காலம் தெளித்து, மறுபடி நனைத்தேன்.

நூற்புழுவுக்கு மண் ஈரமாகவே இருக்க வேண்டும். புது விதைக்கும் அப்படியே. ஆகவே விதைப்பையும் அதோடு சேர்த்துக்கொண்டேன். ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை என்று இங்கே சொல்லும் விதைப்புக் காலம் கிட்டத்தட்ட நம் ஆவணி மாதம். ஊரில் ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள். இங்கே புல்லுக்கு ஆவணிப் பட்டம். மண்ணில் கோடையின் சூடு மிச்சம் இருக்கிறது, இரவு குளிர்ந்து பனித்துளி விழுகிறது. கிராப்கிராஸ் களை முதல் உறைபனியோடு தானே மடியும். வசந்தத்தில் விதைத்தால் அதே களையோடு போட்டி போட்டு, வேர் பிடிக்கும் முன்னே ஜூலை வெயிலில் நாற்று மாட்டிக்கொள்ளும்.

அண்ணையும் நானும் வாடகையைப் பகிர்ந்து, மண்ணில் துளை போடும் ஏரேட்டர் இயந்திரம் எடுத்தோம். அது விரல் தடிமனில் மண் உருளைகளைப் பிடுங்கித் தரைமேல் போட்டுக்கொண்டே போகும். அவற்றை வார வேண்டாம், மழையில் கரைந்துவிடும். அந்தத் துளைகளில் இறங்கும்படி கால் அங்குலம் கம்போஸ்ட் பரப்பி, 100 சதுர மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ கலப்பு விதை தூவினேன்: புளூகிராஸ், பெரெனியல் ரைகிராஸ், ஃபைன் ஃபெஸ்க்யூ. ரைகிராஸ் ஒரு வாரத்தில் பச்சை கட்டும். புளூகிராஸ் முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை லேசான தண்ணீரை நிறுத்தக் கூடாது. பிறகு நிலத்தடித் தண்டு விட்டு வெற்றிடங்களை நிரப்புவது புளூகிராஸ்தான்.

அக்டோபரில் மேப்பிள் இலைகளை மூட்டை கட்டாமல் புல்வெட்டும் மோவரால் அரைத்துப் புல்லுக்குள் இறக்கினேன். கூடவே கடைசி உரம். 100 சதுர மீட்டருக்கு அரைக் கிலோ நைட்ரஜன் என்று கணக்கு. மூட்டையில் நைட்ரஜன் சதவீதத்தைக் காட்டும் முதல் எண் 24 என்றால் உரம் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். இந்த உரம் வேருக்குப் போகும், வசந்தத்தில் தனியாகப் போட அவசரம் இருக்காது.

வேர்ப்புழுத் திட்டு மூடிவிட்டது, இழுத்தாலும் வரவில்லை. மிச்சம் இருப்பது சாலையோரப் பட்டை. குளிர்காலத்தில் தூவும் உப்பால் ஒவ்வோர் ஆண்டும் கருகுகிறது. பனி கரைந்ததும் அங்கே நிறையத் தண்ணீர் விட்டு உப்பைக் கழுவி இறக்கிவிட்டு, அடுத்த ஆவணியில் உப்பைத் தாங்கும் டால் ஃபெஸ்க்யூ விதைப்பதாக இருக்கிறேன்.