விட்டுடலாம் என்று நான் சொன்ன நாள்

2003 அக்டோபர் 7, செவ்வாய்க்கிழமை. விடிவதற்கு முன்பே சன்னிவேலில் ஒரு வீட்டு கராஜுக்குள் நாங்கள் நான்கு பேர் மேசை போட்டுக்கொண்டிருந்தோம். அந்த வீட்டுக்காரர் முந்தின இரவே காரை வெளியே நிறுத்தி, தரையைப் பெருக்கிவைத்திருந்தார். சுவரில் குழந்தைகளின் சைக்கிள்கள் தொங்கின. மூலையில் வாஷிங் மெஷின், அதன் மேல் சோப்புத்தூள் டப்பா. அந்த வாசத்துக்கு நடுவேதான் கலிஃபோர்னியாவின் ஆளுநரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். அமெரிக்காவில் ஆளுநர் என்றால் மாநில அரசை நடத்துவதில் நம் ஊர் முதலமைச்சரைப் போல; ஆனால் நேரே மக்கள் ஓட்டுப்போட்டு வருகிறவர்.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்தவள். இணைய நிறுவனங்கள் வரிசையாக விழுந்த டாட்காம் சரிவில் வேலை போய், அடுத்தது கிடைக்காமல் இருந்த காலம் அது. குடியுரிமை வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. வாக்குச்சாவடிக்கு ஆள் தேவை என்று கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போல) தேர்தல் அலுவலகம் கேட்டிருந்ததைப் பார்த்ததும் மறுயோசனையில்லாமல் பெயர் கொடுத்தேன். ஒரு நாள் வேலை, பணமும் சொற்பம்தான். ஆனால் நான் எலெக்‌ஷன் டியூட்டி பார்த்தவரின் மகள். ஈரோட்டுப் பக்கம் பள்ளி ஆசிரியராக இருந்த அப்பா ஒவ்வொரு தேர்தலுக்கும் போர்வையையும் டிபன் கேரியரையும் எடுத்துக்கொண்டு லாரியில் ஏறிப் போவார். இரண்டு நாள் கழித்துத் தூக்கமில்லாத கண்ணோடு வந்து இறங்குவார். அந்த வேலையை நானும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை.

அந்தத் தேர்தலே வழக்கமானதல்ல. ஆளுநர் கிரே டேவிஸ் 2002 நவம்பரில்தான் மறுபடி ஜெயித்திருந்தார். மின்வெட்டுக் காலத்தின் கோபம் இன்னும் ஆறவில்லை. மாநில பட்ஜெட்டில் 3,800 கோடி டாலர் பற்றாக்குறை. அதோடு வாகன வரியும் மூன்று மடங்கானது. டேரல் ஐசா என்ற குடியரசுக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் தன் சொந்தப் பணத்தை இறைத்துக் கையெழுத்து வேட்டையை முடுக்கிவிட்டார். ஏறக்குறைய 9 லட்சம் கையெழுத்து போதும். அதைவிட நிறையவே சேர்ந்தது. 1911 முதல் அந்த மாநிலத்துச் சட்டத்தில் இருக்கிறது, பதவியில் இருப்பவரை மக்களே திரும்ப அழைக்கும் உரிமை. ஓர் ஆளுநர் மேல் அது வாக்குப்பதிவு வரை போனது கலிஃபோர்னியாவில் அதுவே முதல் முறை. ஜூலை 24 அன்று தேதி அறிவித்தார்கள். எழுபத்தைந்தே நாளில் தேர்தல்.

வேட்பாளராக நிற்க 65 கையெழுத்தும் 3,500 டாலரும் இருந்தால் போதும். 135 பேர் நின்றார்கள். அர்னால்ட் ஷ்வார்ஸ்னேகர் நின்றார், துணை ஆளுநர் குரூஸ் பஸ்டமான்டே நின்றார், டாம் மக்ளின்டாக், பசுமைக் கட்சியின் பீட்டர் கமேஹோ, இவர்களோடு நடிகர்கள், வியாபாரிகள், பேர் தெரியாத எத்தனையோ பேர். அகர வரிசையில் போட்டால் ‘ஏ’வில் ஆரம்பிக்கிறவருக்கு லாபம் என்று எழுத்துகளைக் குலுக்கிப்போட்டு ஒரு புது வரிசை எடுத்தார்கள். ஆர், டபிள்யூ, க்யூ, ஓ, ஜே என்று போகும் அது. அதுவும் போதாதென்று 80 சட்டமன்றத் தொகுதிகளிலும் முதலில் இருக்கும் பெயர் அடுத்த தொகுதியில் கடைசிக்குப் போய்விடும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இறக்கிக்கொண்டு ஒரு பெயரைத் தேடுகிற முதியவருக்கு அந்த நியாயத்தால் என்ன பயன்?

அப்போது அப்பாவின் பழைய கடிதம் ஒன்று ஞாபகம் வந்தது. 1996 தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள். விவசாயிகள் தங்கள் குறையை அரசு திரும்பிப் பார்க்கட்டும் என்று கும்பல் கும்பலாக மனுத்தாக்கல் செய்த தேர்தல் அது. வாக்குச்சீட்டைப் புத்தகமாக அடித்தார்கள். அங்கே டியூட்டி பார்த்த அப்பா எழுதியிருந்தார்: “சீட்டு அல்ல சாமி, நோட்டுப் புத்தகம். வாங்குகிறவர்கள் அதை எடை பார்ப்பதுபோல் கையில் வைத்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள்.” அதற்குப் பிறகுதான் சட்டமன்றத் தேர்தலுக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட் தொகையை 5,000 ஆக்கினார்கள். குறையைச் சொல்ல வந்த கூட்டத்துக்குக் கிடைத்த பதில் அதுதானா என்று இன்றைக்கும் எனக்கு வருத்தம் உண்டு. அது வேறு கதை.

சான்டா கிளாரா கவுண்டியில் அப்போது துளையிடும் அட்டைதான். 2000ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில், அரைகுறைத் துளைகளை எப்படி எண்ணுவது என்ற சண்டையால் ஃபுளோரிடாவில் நாட்டையே நிறுத்திவைத்த அதே ரகம். அதனாலேயே எங்கள் வேலை நடக்குமா நடக்காதா என்று இழுபறி ஆனது. எங்கள் கவுண்டி உட்பட ஆறு கவுண்டிகளில் இந்த அட்டை இருக்கிறது, இதை வைத்துத் தேர்தல் நடத்தக் கூடாது என்று செப்டம்பர் 15 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் தள்ளிவைத்தார்கள். எட்டு நாள் கழித்து அதே நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் அமர்ந்து, சொன்ன தேதியிலேயே நடக்கட்டும் என்றார்கள்.

அட்டையை மேலிருந்து செருக வேண்டும். மேலே இரண்டு துளை இருக்கும். சாதனத்தில் உள்ள இரண்டு முளைகளில் அவை சரியாக உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் ஒருவருக்குப் போட்ட ஓட்டு பக்கத்து ஆளுக்குப் போய்விடும். பிறகு புத்தகத்தின் தாள்களைப் புரட்டி, பெயருக்கு நேரே உள்ள குழியில் சங்கிலியில் கட்டிய ஊசியால் குத்த வேண்டும். முழுசாகக் குத்தினால் சின்னத் துணுக்கு ஒன்று உதிரும். அரைகுறையாகக் குத்தினால் அது அட்டையிலேயே தொங்கும். “அட்டையை வெளியே எடுத்ததும் பின்பக்கம் திருப்பித் தடவிப் பாருங்கள், தொங்கினால் கிள்ளிவிடுங்கள்” என்று மேசையில் இருந்த மாதிரியை வைத்து ஒவ்வொருவருக்கும் காட்டினோம். நான் டெஸ்டிங்கில் கற்ற எதையும்விட இந்த அட்டை எனக்கு நெருக்கமாகப் பட்டது. தப்பு எங்கே நடக்கும் என்று விரலால் தொட்டே பார்க்க முடிந்தது.

நான் பயந்தது அந்தத் துணுக்குக்கு. தப்பு நடந்தது வேறு இடத்தில்.

அட்டையில் இரண்டு கேள்விகள். டேவிஸைப் பதவியிலிருந்து நீக்கலாமா, ஆமாம் அல்லது இல்லை. அவர் நீக்கப்பட்டால் அவர் இடத்துக்கு யார், இந்த 135 பேரில் ஒருவர். டேவிஸ் பெயர் அந்தப் பட்டியலில் வர முடியாது, சட்டம் அப்படி. முதல் கேள்வியில் பாதிக்கு மேல் ‘ஆமாம்’ விழுந்தால் அவர் போய்விடுவார். இரண்டாவதில் பாதி வேண்டியதில்லை, யாருக்கு அதிகமோ அவர் ஆளுநர். ஆக, டேவிஸ் இருக்கட்டும் என்று நினைக்கிறவர்களுக்கும் இரண்டாவது கேள்வி மிக முக்கியம். அவர் போய்விட்டால் தங்களை ஆளப்போவது யார் என்பதில் அவர்களுக்கும் சொல் உண்டு. முதல் கேள்வியைத் தொடாமலே இரண்டாவதற்கு மட்டும்கூட வாக்களிக்கலாம் என்று அந்த ஜூலையிலேயே ஒரு நீதிபதி தீர்ப்புச் சொல்லியிருந்தார். ஆனால் அது வந்தவர்கள் பலருக்குத் தெரியவில்லை. “நான் நோ சொன்னால் இரண்டாவதில் எனக்கு என்ன வேலை?” என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஒன்பது மணி இருக்கும். வரிசை கராஜைத் தாண்டித் தெருவுக்குப் போயிருந்தது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர், மேல்சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், கையில் மாதிரி வாக்குச்சீட்டின் மடித்த தாள். என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்துவிட்டுத் தமிழில் பேசினார்.

“அம்மா, முதல் கேள்விக்கு நோ போட்டா, ரெண்டாவது கேள்வி நமக்கு வேணாம், அப்படித்தானே?”

நான் ரோஸ்டரில், அதாவது வாக்காளர் பட்டியலில், அவர் கையெழுத்துப் போட வேண்டிய கோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னேன்: “ஆமாங்கய்யா, வேணாம்னா விட்டுடலாம்.”

அவர் போனார், குத்தினார், அட்டையைப் பெட்டியில் போட்டார். ‘நான் வாக்களித்தேன்’ ஸ்டிக்கரை வாங்கிக்கொண்டு என்னிடம் சிரித்தார். “நீ சொன்னபடியே ரெண்டாவதை விட்டுட்டேம்மா. ஒருத்தருக்குப் போடணும்னு நம்பரெல்லாம் குறிச்சுட்டு வந்தேன். நல்லவேளை, உன்கிட்ட கேட்டேன்.”

அவர் கையில் இருந்த தாளில் ஓர் எண்ணைச் சுற்றி நீல மையில் வட்டம் போட்டிருந்தது. பெட்டிக்குள் விழுந்த அட்டையை எடுக்க வழியில்லை. இன்னும் கையிலிருந்தால் பாழானதென்று திருப்பி வாங்கி வேறு அட்டை கொடுத்திருக்கலாம், இரண்டு முறை வரை அதற்கு இடம் உண்டு. விழுந்தது விழுந்ததுதான். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அவர் சைக்கிள்களுக்குக் கீழே குனிந்து வெளியே போய்விட்டார்.

நான் சொன்னதில் சட்டப்படி பிழை இல்லை. விட உரிமை இருந்தது. ஆனால் தமிழில் இந்த ‘லாம்’ இருக்கிறதே, அதில் அனுமதியும் இருக்கிறது, யோசனையும் இருக்கிறது. ‘கிளம்பலாம்’ என்றால் கிளம்ப அனுமதி என்றா கேட்கிறோம்? கிளம்பு என்றுதான் கேட்கிறோம். வாக்குச்சாவடியில் உட்கார்ந்திருப்பவள் ‘விட்டுடலாம்’ என்றால், தெரிந்தவள் சொல்கிறாள், விட்டுவிடுவதுதான் சரி என்று அவர் எடுத்துக்கொண்டார். தன் மொழியில் ஒருத்தி சொன்னதால் இன்னும் கூடுதலாக நம்பினார். அதுதான் என்னை வாட்டியது.

எங்கள் இன்ஸ்பெக்டர், அதாவது சாவடிப் பொறுப்பாளர், ஓய்வுபெற்ற ஆசிரியை. அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பயிற்சிப் புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தை என் முன் வைத்தார். நால்வரும் சேர்ந்து ஒரே வாக்கியத்தை முடிவு செய்தோம்; யார் கேட்டாலும் நால்வரும் வார்த்தை மாறாமல் அதையே சொல்வது என்று. எனக்காக நான் தமிழிலும் எழுதிவைத்துக்கொண்டேன்: “இரண்டும் தனித்தனிக் கேள்வி. முதலாவதற்கு என்ன பதில் போட்டாலும், போடாவிட்டாலும், இரண்டாவதில் ஒருவருக்கு வாக்களிக்க உங்களுக்கு உரிமை உண்டு.” இதில் ‘லாம்’ கிடையாது. மாலைவரை தமிழில் கேட்க வேறு யாரும் வரவில்லை.

இரவு எட்டு மணிக்குக் கதவை மூடினோம். அதே எட்டு மணிக்குத் தொலைக்காட்சிகள் ஷ்வார்ஸ்னேகர் ஜெயித்தார் என்று சொல்லிவிட்டன. வீட்டுக்காரரின் வரவேற்பறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. எங்களுக்கு வேலை அப்போதுதான் ஆரம்பம். ரோஸ்டரில் உள்ள கையெழுத்துகளும் பெட்டியில் உள்ள அட்டைகளும் மிச்சமிருக்கும் அட்டைகளும் பாழானவையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். எங்களுக்கு ஒன்று குறைந்தது. மூன்று முறை எண்ணினோம். ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு அட்டைகளைப் பிரித்ததும் சரியானது.

பிறகு வந்த முடிவு: நீக்கலாம் 55.4 சதவீதம். இரண்டாவது கேள்வியில் ஷ்வார்ஸ்னேகருக்கு 48.6, பஸ்டமான்டேவுக்கு 31.5, மக்ளின்டாக்குக்கு 13.5. ஷ்வார்ட்ஸ்மன் என்று பெயர் ஒத்துப்போன ஒரு வியாபாரிக்கும் பத்தாயிரத்துக்கு மேல் விழுந்திருந்தது. டேவிஸ் இருக்கட்டும் என்று போட்டவர்கள் 40 லட்சம். ஷ்வார்ஸ்னேகருக்குப் போட்டவர்கள் 42 லட்சம். அதனால் அந்த முறை பெரிய குறை எழவில்லை. நாற்பத்தைந்து சதவீதம் ஆதரவு உள்ளவரை இறக்கிவிட்டு, முப்பது சதவீதம் வாங்கியவரை ஏற்றிவைக்கவும் இந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. இத்தனை பேர் நிற்கிற போட்டியில் முதல் இருவருக்குள் இன்னொரு சுற்று வேண்டும் என்பது அன்றிலிருந்து என் எண்ணம்.

எனக்கு அதைவிட மனதில் நின்றது வேறொரு கழித்தல் கணக்கு. முதல் கேள்விக்குப் பதில் போட்டவர்களில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் வாக்கு இரண்டாவதில் கணக்கில் வரவில்லை. பலர் தெரிந்தே விட்டிருப்பார்கள். ஒருவர் மட்டும் நான் சொல்லி விட்டவர்.

அந்த வாரம் ஊருக்குப் போன் போட்டபோது அப்பாவிடம் சொன்னேன். “நான் சொன்னது தப்பில்லீங்களேப்பா?”

“தப்பில்ல சாமி. ஆனா அவரு என்ன நெனச்சுட்டுக் கேட்டாருன்னு நீ கேட்டிருக்கோணும். சொல்லி முடிச்சதும், என்ன புரிஞ்சுதுன்னு அவரு வாயால ஒருக்கா சொல்லச் சொல்லோணும். நான் மொடக்குறிச்சில அப்படித்தான் பண்ணுனேன்.”

மறுபடி எனக்கு முழுநேர வேலை கிடைத்தது. ஆனாலும் தேர்தல் நாளுக்கு லீவு போட்டுவிட்டு வருவதை விடவில்லை. துளை அட்டை போய், தொடுதிரை வந்து, எல்லோர் வீட்டுக்கும் தபாலில் சீட்டு அனுப்பும் காலமும் வந்தது. 2021 செப்டம்பர் 14 அன்று அதே இரண்டு கேள்விகள் திரும்பவும் வந்தன. இந்த முறை ஆளுநர் கேவின் நியூசம், எதிரே 46 பேர். நியூசம் தரப்பே, இல்லை என்று போட்டுவிட்டு இரண்டாவதை வெறுமையாக விடுங்கள் என்று பிரசாரம் செய்தது. கிட்டத்தட்ட 62 சதவீதம் பேர் அவர் இருக்கட்டும் என்றார்கள். 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இரண்டாவதை விட்டார்கள். கட்சி சொல்லி விடுவது அவர்கள் விருப்பம், அதில் எனக்குப் பேச்சில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள் வாயிலிருந்து அது வரக் கூடாது.

மத்தியானம், முகக்கவசம் போட்ட ஓர் இளைஞர் சீட்டை நீட்டிக் கேட்டார். நோ போட்டால் இரண்டாவதை விட்டுவிட வேண்டும்தானே? நான் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தேன். அவர் கண்ணைப் பார்த்து அந்த வாக்கியத்தை முழுசாகச் சொன்னேன். அப்படியென்றால் போடட்டுமா வேண்டாமா என்றார். வாக்கியத்தை முதலிலிருந்து இன்னொரு முறை சொன்னேன். என்ன புரிந்தது என்று சொல்லுங்கள் என்றேன். அவர் யோசித்து, தன் வார்த்தையில் சொன்னார். சரியாக இருந்தது. பேனாவைக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.